இல்லமா, அப்பத்தா வீடா?

தாய் தகப்பனை இழந்த பிள்ளைக்கு உதவ நினைக்கும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளுக்கு முதலில் தோன்றுவது குழந்தைகள் இல்லம் தொடங்குவதுதான். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு வாடகைக்குக் கிடைக்கும். காற்றோட்டமான வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி), படுக்கத் தாராளமாக இடம். சிக்கல் கழிப்பறையில்தான். 7 பிள்ளைகளுக்கு ஒன்று வேண்டும் என்கின்றன இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள். பழைய வீடுகளிலோ வீட்டின் கடைசிப் பகுதியையும் தாண்டிக் கொல்லையில் ஒன்றிரண்டு இருக்கும். நடுராத்திரி முற்றத்தைக் கடக்கப் பயந்து சின்னப் பிள்ளை பாயை நனைத்துவிடும். அதட்டிப் பயனில்லை, பக்கத்திலேயே கழிப்பறை கட்டி விளக்குப் போடுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி இல்லத்தைப் பதிவு செய்வதும் கட்டாயம்; மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 1 லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ.

அப்பத்தாவோ சித்தியோ வளர்க்க, சபை துணை நிற்பதே மேல் என்போம். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்கலாம். பல மனுக்கள் இறப்புச் சான்றிதழ் இல்லாமல் முடங்குகின்றன. வெளியூரில் வேலைக்குப் போன இடத்தில் தகப்பன் இறந்திருந்தால், அந்த ஊரிலேயே சான்று வாங்க வேண்டும். அந்த அலைச்சலுக்கு ஆளும் பஸ் காசும் கொடுப்பதே பெரிய ஊழியம். பணம் வரும்வரை அரிசி, பருப்பு கொடுங்கள். அதை ஜெபக் கூட்டத்தோடு முடிச்சுப் போடாதீர்கள்.

அடி, உதை உள்ள வீடு, உறவே இல்லாத பிள்ளை என்றால் இல்லம் தேவைதான். அப்போதும் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் பிள்ளையை, அதன் பராமரிப்பை முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள்.