புளூடூத் ஹெட்செட் கோலில மட்டும் கரகரக்குதா? கடைக்குக் குடுக்க முதல் இதை வாசியுங்கோ

பாட்டு கேட்டா வடிவா இருக்குது, கோல் தொடங்கின உடன மட்டும் சத்தம் அடைச்சுக் கரகரக்குது எண்டா தயவுசெய்து லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடாதேங்கோ. இதைச் சொல்லி அம்மாட்ட 18,500 ரூபா கறந்திட்டாங்கள்.

அம்மா ரிட்டையர் ஆன கணக்கு ரீச்சர், வெள்ளவத்தையில வீட்டில இருந்து லண்டன், டொரன்டோ பிள்ளையளுக்கு சூமில வகுப்பு எடுக்கிறவ. புது புளூடூத் ஹெட்செட் போட்டதில இருந்து பிள்ளையளின்ட குரல் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரிக் கேக்குது, அம்மா சொல்லுறதும் அங்க விளங்குதில்லையாம், ஒரு பிள்ளையின்ட தகப்பன் மெசேஜே போட்டிட்டார். நான் வேலையில நிண்ட நேரம் அம்மா தனிய காலி வீதியில ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறா. அங்க நிண்ட பொடியன் ஹெட்செட்டைக் காதில போட்டுக்கூடப் பாக்கேல்ல, "அன்ரி, ஓடியோ ஐசி (லப்டொப்புக்குள்ள சத்தத்தைக் கவனிக்கிற சிப்) போயிட்டுது, மாத்தாட்டி போர்டும் போயிடும்" எண்டு பயமுறுத்தி காசை வாங்கியிருக்கிறான். வீட்ட கொண்டு வந்தா அதே கரகரப்பு. திரும்பப் போய்க் கேட்டா, "இப்ப ஹெட்செட்தான் பழுது அன்ரி, புளூடூத் 5.3 ஒண்டு எடுங்கோ" எண்டானாம். அப்பதான் அம்மா எனக்குக் கோல் எடுத்தவ.

நான் லப்டொப்பைப் பிரட்டிப் பாத்தன். ஒரு ஸ்க்ரூவுக்கு மேல கொம்பனி ஒட்டின சின்ன சீல் கிழியாமல் அப்பிடியே இருக்கு, மற்றக் குழியளுக்குள்ள பழைய தூசி இறுகிப்போய்க் கிடக்கு. திறக்கவே இல்லை! பில்லில "சேர்விஸ்" எண்டு மட்டும் கிறுக்கியிருக்கு.

திறந்து மாத்தியிருந்தாலும் சரிவந்திராது. புளூடூத் ஹெட்செட்டின்ட சத்தம் லப்டொப்பின்ட ஓடியோ ஐசியால போறதே இல்லை, புளூடூத்தால நேர ஹெட்செட்டுக்குப் போய் அங்கதான் சத்தமா மாறுது. பாட்டு கேக்கேக்க ஏ2டிபி எண்ட முறையில ஸ்டீரியோவா வரும், ஆனா அது ஒருபக்கம் மட்டும் போற வழி. ஹெட்செட் மைக்கை ஏதாவது ஒரு அப் திறந்த உடன கதைக்கிறதுக்கான எச்எஃப்பி முறைக்கு மாறும், அதில மோனோ, சாம்பிளிங் (ஒரு செக்கனுக்கு எத்தினை தரம் சத்தத்தை அளக்கிறது எண்ட கணக்கு) அநேகமா 8 இல்லாட்டி 16 கிலோஹேர்ட்ஸ்தான், பாட்டுக்கு 44.1 அல்லது 48. அந்த இறக்கம்தான் உங்கட காதில கேக்குது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சூமில மைக் படத்துக்குப் பக்கத்தில உள்ள அம்புக்குறியை அமத்தி, ஸ்பீக்கருக்கு ஹெட்செட்டையும் மைக்குக்கு லப்டொப்பின்ட சொந்த மைக்கையும் தெரிவு செய்யுங்கோ, டீம்ஸிலயும் டிவைஸ் செட்டிங்ஸில இதே தெரிவு இருக்கு. விண்டோஸ் 10 எண்டா ஒரே ஹெட்செட் "ஸ்டீரியோ", "ஹேண்ட்ஸ் ஃப்ரீ" எண்டு ரெண்டா நிக்கும், ஸ்டீரியோவை எடுங்கோ. பின்னால வேற அப் ஏதும் ஹெட்செட் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாலும் சத்தம் இறங்கும், அதையும் மூடுங்கோ. எங்கட வீட்டில காலி வீதி பஸ் ஹோர்ன் எல்லாம் லப்டொப் மைக்கில விழும், அதால அம்மாவுக்கு வயர் வைச்ச யூஎஸ்பி ஹெட்செட் ஒண்டு வாங்கிக் குடுத்திட்டன், இப்ப பிள்ளையளுக்கு வடிவாக் கேக்குதாம்.

பாட்டும் விட்டு விட்டு வருது எண்டா அது வேற கதை. 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையும், பக்கத்தில குத்தியிருக்கிற யூஎஸ்பி 3 ட்ரைவும் புளூடூத்தைக் குழப்பும். வைஃபையை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாத்தி, ட்ரைவைக் கழட்டிப் பாருங்கோ. "5.3" எண்டு சொல்லி விக்கிறதையும் நம்பாதேங்கோ, கோலில நல்ல சத்தம் தாற எல்இ ஓடியோ எண்ட புது புளூடூத் முறை அதுக்குள்ள கட்டாயம் இருக்கும் எண்டில்லை, இருந்தாலும் லப்டொப்பும் அதுக்கு சப்போர்ட் பண்ண வேணும்.

கழட்டின பழைய ஐசியைத் தாங்கோ எண்டு நான் போய்க் கேட்டதுக்கு "எறிஞ்சிட்டம்" எண்டுதான் பதில், காசும் தரேல்ல. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில முறைப்பாடு குடுத்திருக்கிறன். இப்பிடி ஏமாந்த ஆக்கள் இருந்தா அவையின்ட 1977 நம்பருக்கு அடிச்சுக் கேளுங்கோ, 3 மாதத்துக்குள்ள எழுத்தில குடுக்க வேணும், பில்லை எறிஞ்சு போடாதேங்கோ.