பழைய மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வாங்கலாமா?

இருபது வயதைத் தொட்ட ஆர்எக்ஸ்-8 ஒன்று, அதே வயதுள்ள மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களைவிட மிகவும் மலிவாகக் கிடைக்கும். நான்கு பேர் உட்காரலாம், பின்சக்கர ஓட்டம், முன்னும் பின்னும் சமமாகப் பிரிந்த எடை, 9,000 ஆர்பிஎம் வரை தயங்காமல் ஏறும் ரோட்டரி இன்ஜின், அதாவது பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் வகை. இவ்வளவும் இருந்தும் விலை கீழே கிடப்பதற்கு ஒரே காரணம், "அந்த இன்ஜின் நிற்காது" என்ற கெட்ட பேர். அதில் பாதி வடிவமைப்பின் குறை, பாதி தெரியாமல் ஓட்டியவர்களின் கைங்கரியம். விற்பனைக்கு வந்திருக்கும் வண்டியில் இரண்டில் எது எவ்வளவு சேதம் செய்திருக்கிறது என்பதை ஒரே ஒரு சோதனையில் கண்டுபிடித்துவிடலாம். அந்தச் சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

இப்படி ஒரு இன்ஜினை ஏன் இந்த ஒரு நிறுவனம் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது என்பதற்கு விடை ஹிரோஷிமாவில் இருக்கிறது. 1920-இல் தோயோ கார்க் கோக்யோ என்ற பெயரில் கார்க் செய்யத் தொடங்கிய கம்பெனி அது. ஜுஜிரோ மட்சுடா பொறுப்பேற்றபின் இயந்திரத் தயாரிப்புக்கு மாறி, 1931-இல் மூன்று சக்கரச் சரக்கு வண்டியோடு மாஸ்டா என்ற பெயரை எடுத்து வந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்தபோது நடுவில் ஹிஜியாமா குன்று மறைத்ததால் ஆலை பெரும்பாலும் தப்பியது. நகரம் அழிந்துபோக, மாகாண அரசின் அலுவலகங்களே சில காலம் இந்த ஆலைக் கட்டடத்துக்குள் இயங்கின.

1960-களின் தொடக்கத்தில் ஜப்பான் அரசு கார் கம்பெனிகளைச் சில பெரிய குழுக்களாகச் சேர்த்துவிடலாமா என்று யோசித்தது. சிறிய கம்பெனிகளுக்கு அது கத்தி கழுத்துக்கு வந்த நேரம். வேறு யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருந்தால்தான் தனியாகப் பிழைக்கலாம் என்று கணக்குப் போட்ட ட்சுனேஜி மட்சுடா, ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்திடம் வாங்கெல் ரோட்டரி இன்ஜினுக்கு உரிமம் வாங்கினார். வாங்கி வந்தது பாதி வெந்த சோறு. ரோட்டரின் மூன்று முனைகளிலும் வாயு கசியாமல் அடைக்கும் சீல்கள் அதிர்ந்து அதிர்ந்து, உறையின் உட்சுவரில் வரிவரியாகக் கீறல் போட்டன. பொறியாளர்கள் அவற்றைப் பிசாசின் நகக்கீறல் என்று அழைத்தார்கள். கெனிச்சி யாமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு கார்பனும் அலுமினியமும் கலந்த சீலை உருவாக்கி அதை அடக்கியது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு உரிமம் கொடுத்த என்எஸ்யூவும் ரோ 80 காரை இறக்கியது. அதன் சீல்கள் தேய, வாரண்டிச் செலவு கம்பெனியைக் கரைத்தது. 1969-இல் என்எஸ்யூ ஆட்டோ யூனியனோடு இணைந்து தன் தனி வாழ்வை முடித்துக்கொண்டது.

மாஸ்டாவும் சும்மா தப்பிவிடவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடியில் பெட்ரோல் குடிக்கும் ரோட்டரி கார்கள் தேங்கி நின்றன. சுமிடோமோ வங்கி கைகொடுத்தது, 1979-இல் ஃபோர்டு சுமார் கால்பங்கு வாங்கியது, 1996-இல் அதை 33.4 சதவீதமாக்கி நிர்வாகத்தையே கையில் எடுத்தது. இடையில் 1978-இல் ஆர்எக்ஸ்-7. 1991-இல் நான்கு ரோட்டர் கொண்ட 787பி, லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அதுவரை எந்த ஜப்பானிய நிறுவனமும் அங்கே வென்றதில்லை. அடுத்த ஜப்பானிய வெற்றிக்கு 2018-இல் டொயோட்டா வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவில் இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. இங்கே மாஸ்டா என்றால் பள்ளிக்கூட வேனிலும் சரக்கு லாரியிலும் ஒட்டியிருந்த ஸ்வராஜ் மாஸ்டாதான்.

ஃபோர்டு காலத்தில், 2003-இல் வந்ததே ஆர்எக்ஸ்-8. பின்னாலும் இரண்டு பெரியவர்கள் உட்கார முடிகிற காராக அது அமைந்தது. பின்கதவு பின்பக்கமாகத் திறக்கும், முன்கதவைத் திறந்த பிறகே அது திறக்கும். நெரிசலான பார்க்கிங்கில் இது பெரிய தலைவலி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்ஜினின் பெயர் ரெனெசிஸ். 13பி குடும்பத்தைச் சேர்ந்தது. 654 சிசி கொண்ட இரண்டு ரோட்டர்கள், மொத்தம் 1,308 சிசி. ஜப்பானில் உயர்ந்த வகை 250 குதிரைத்திறன் என்று விற்கப்பட்டது, ஐரோப்பாவில் 231. இன்னொரு வகை ஐரோப்பாவில் 192, அதற்கு ஐந்து கியர், ரெட்லைன் (சுற்று வேகத்தின் மேல்வரம்பு) 7,500. அமெரிக்காவில் முதலில் 247 என்று விளம்பரம் செய்து பிறகு 238 என்று குறைத்ததும், அப்போதே வாங்கியிருந்தவர்களுக்கு வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் தயார் என்று மாஸ்டா அறிவிக்க வேண்டிவந்தது. வைத்துக்கொண்டவர்களுக்கு 500 டாலரும் வாரண்டி முடியும்வரை இலவச சர்வீஸும் கிடைத்தன.

பழைய 13பி-யில் புகை வெளியேறும் துளை ரோட்டரைச் சுற்றியுள்ள உறையில் இருந்தது. ரெனெசிஸில் அதைப் பக்கத் தட்டுகளுக்கு மாற்றினார்கள். உள்ளே வரும் காற்றும் வெளியே போகும் புகையும் கலப்பது நின்றது. புகை மாசு குறைந்தது, மைலேஜும் கொஞ்சம் ஏறியது. 2003-இன் சிறந்த இன்ஜின் விருதும் கிடைத்தது. ஆனால் சூடான புகையும் கரியும் இப்போது பக்கத் தட்டை உரசிக்கொண்டு போகின்றன. பக்கவாட்டு சீல் உட்காரும் பள்ளத்தில் கரி அடைத்தால் சீல் அசையாமல் ஒட்டிக்கொள்ளும், கம்ப்ரஷன் (எரியுமுன் உள்ளே சேரும் அழுத்தம்) கசியும். முனை சீலுக்கு வேண்டிய மசகும் போதவில்லை. சம்ப்பிலிருந்து ஆயிலை எடுத்து உள்ளே தெளிக்கும் நாசில்கள் ஒரு ரோட்டருக்கு இரண்டுதான். உறையின் நடுப்பகுதி காய்ந்து அங்கேதான் முதலில் தேயும். 2009 மாடலாக வந்த இரண்டாம் வரிசையில் நடுவில் மூன்றாவது நாசிலைச் சேர்த்து, பம்பையும் மின்சாரத்தில் ஓடுவதாக மாற்றினார்கள். முதல் வரிசையில் எது தவறு என்பதற்கு மாஸ்டாவே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையான மாடல்களுக்கு இன்ஜினின் உள்பாகத்துக்கு மட்டும் வாரண்டியை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்டியதும் இதனால்தான்.

மற்றதெல்லாம் சங்கிலித் தொடர். பிளக்குகளுக்குப் பொறி தரும் நான்கு இக்னிஷன் காயில்கள் இன்ஜின் வெப்பத்திலேயே வெந்துகொண்டிருக்கும், சுமார் 50,000 கிலோமீட்டரில் பலமிழக்கும். காயில் பலவீனமானால் பெட்ரோல் முழுதாக எரியாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும், கன்வெர்ட்டர் உருகி அடைக்கும். புகை போக வழியில்லாமல் வெப்பம் இன்ஜினுக்குள் திரும்பி சீல்களைத் தின்னும். மலிவான காயிலை மாற்றாமல் விட்டதால் இன்ஜினையே இறக்க வேண்டி வந்த வண்டிகள் ஏராளம். காயில் மாற்றினால் நான்கையும், ஒயர்களோடும் பிளக்குகளோடும் சேர்த்தே மாற்றுங்கள். பிளக் மேலே இரண்டு, கீழே இரண்டு. இரண்டு ஜோடியும் வேறுவேறு வகை, இடம் மாறிப் போகக்கூடாது. இடது முன்சக்கரத்தைக் கழற்றினால் கை எட்டும்.

ஃப்ளட்டிங் இன்னொரு புகழ்பெற்ற தொல்லை. குளிர்ந்த இன்ஜினுக்குப் பெட்ரோல் அதிகமாகவே போகும். காரை வாசலிலிருந்து நகர்த்தி நிறுத்திவிட்டு உடனே அணைத்தால், எரியாத பெட்ரோல் சுவரில் இருந்த ஆயில் படலத்தைக் கழுவிவிடும். பிளக்கும் நனைந்திருக்கும், கம்ப்ரஷனும் இறங்கியிருக்கும், அடுத்த முறை செல்ஃப் அடித்தால் சுற்றும், பிடிக்காது. ஸ்டார்ட் செய்தால் சூடேறும்வரை ஓடவிட்டே அணைக்க வேண்டும். மாட்டிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்து, பத்து விநாடிக்கு மிகாமல் செல்ஃப் அடியுங்கள். முழுதாக அழுத்தினால் பெட்ரோல் தெளிப்பு நிற்கும், உள்ளே இருப்பது வெளியேறும். இடைவெளி விட்டுச் சில முறை செய்தும் பலனில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றி உலர்த்தி, பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு முயலுங்கள். பலவீனமான பேட்டரியோடு இந்த வேலையில் இறங்கினால் ஸ்டார்ட்டர் மோட்டாரும் சேர்ந்து போகும்.

ஆயில் குறைவது இந்த இன்ஜினில் கோளாறே இல்லை, அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஓட்டும் விதத்தைப் பொறுத்து 1,500 முதல் 3,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போகும். இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக் பார்ப்பது கட்டாயம். "சொட்டு ஆயில்கூடக் குடிக்காது" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால்தான் பயப்பட வேண்டும், தெளிக்கும் பம்போ நாசிலோ அடைத்திருக்கலாம். முதல் வரிசை வண்டி வைத்திருப்பவர்கள் பலரும் பெட்ரோலிலேயே லிட்டருக்கு 4 மில்லி கணக்கில், 50 லிட்டருக்கு 200 மில்லி, நல்ல 2டி ஆயில் கலக்கிறார்கள். டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. சாம்பல் குறைவாக விடும் வகையாக மட்டும் பார்த்து வாங்க வேண்டும். இன்ஜின் ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது உத்தமம்.

வெப்பமானி முள்ளை நம்பக்கூடாது. கூலண்ட் சூடு வெகுவாக ஏறியபிறகும் அது நடுவிலேயே அசையாமல் நிற்கும், நகரும்போது காரியம் முடிந்திருக்கும். டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகும் மலிவான ரீடர் ஒன்று போனில் சரியான சூட்டைக் காட்டும், வண்டி வாங்கிய அன்றே அதையும் வாங்கிவிடலாம். சூடேறியபின் நாளுக்கு ஒருமுறையாவது ரெட்லைன் பக்கம் கொண்டுபோவதும் பராமரிப்பில் சேர்த்திதான். கரி உதிரும், உள்ளிழுப்பு வால்வுகள் ஒட்டாமல் இருக்கும். 3,750 ஆர்பிஎம்முக்கு மேல் வண்டி மூச்சு வாங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த வால்வைத்தான். கடைக்குப் போகவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் மட்டும் ஓடிய 40,000 கிலோமீட்டர் வண்டியைவிட, நெடுஞ்சாலையில் விரட்டப்பட்ட 1 லட்சம் கிலோமீட்டர் வண்டி பெரும்பாலும் ஆரோக்கியமாக இருக்கும்.

அந்த ஒரே சோதனை கம்ப்ரஷன். சாதாரணப் பிஸ்டன் இன்ஜின் கேஜ் இதற்கு உதவாது. ரோட்டருக்கு மூன்று முகம். அந்தக் கேஜ் மூன்றில் உயர்ந்ததை மட்டும் காட்டி மற்ற இரண்டையும் மறைத்துவிடும். ரோட்டரிக்கென உள்ள கருவி ஒரு ரோட்டருக்கு மூன்றாக ஆறு எண்களையும், செல்ஃப் சுற்றிய வேகத்தையும் தரும். 250 ஆர்பிஎம்மில் புதிய இன்ஜின் 830 கிலோபாஸ்கல் காட்டும், 680-க்குக் கீழே போனால் தோல்வி. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 150-ஐத் தாண்டக்கூடாது, இரண்டு ரோட்டர்களுக்கிடையே 100-ஐத் தாண்டக்கூடாது. வேகம் எழுதாத சான்றிதழைத் தூக்கிப் போடுங்கள். வேகமான ஸ்டார்ட்டர் மோட்டாரைப் போட்டால் எண்கள் தானாக ஏறும், நோயாளி இன்ஜினை விற்க அது பழைய தந்திரம். 700-க்குச் சற்று மேலே நிற்கும் இன்ஜின் இன்று பாஸ், ஆனால் இறங்குமுகத்தில் இருக்கிறது. விலை பேசும்போது ரீபில்ட் செலவைக் கழித்தே பேச வேண்டும்.

கருவி கிடைக்காத இடத்தில் சூட்டு ஸ்டார்ட் பாருங்கள். நன்றாக ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பத்து நிமிடம் கழித்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். ஓரிரு விநாடியில் பிடித்தால் நல்லது. ஐந்து விநாடிக்கு மேல் இழுத்தால் சீல்கள் தளர்ந்துவிட்டன. நீங்கள் போவதற்கு முன்பே வண்டி சூடாக்கி வைக்கப்பட்டிருந்தால் அதற்கும் அர்த்தம் உண்டு. அவர்கள் குளிர் ஸ்டார்ட்டை மறைக்கிறார்கள்.

ரீபில்ட் செய்த வண்டி என்றால் ரசீதில் என்ன மாற்றினார்கள் என்று படியுங்கள். சீல் செட் மட்டும் போட்டு, தேய்ந்த உறையையும் பக்கத் தட்டையும் அப்படியே திரும்ப வைத்திருந்தால் அது சீக்கிரமே மறுபடி மேசைக்கு வரும். முறையாகச் செய்த ரீபில்ட், பல நேரம் வண்டியின் விலையையே தாண்டிவிடும்.

மைலேஜ் நகரத்தில் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் இருப்பவர்கள் பதிவுத் தேதியைக் கவனிக்கவும். 2006 மார்ச் 23-க்கு முன் பதிவானவை சாலை வரியில் உச்சத்துக்குக் கீழான படியில் நிற்கும், அதற்குப் பின் வந்தவை உச்சப் படிக்குப் போய்விடும். மாசு விதிகளால் ஐரோப்பிய விற்பனை 2010-இல் நின்றது, ஜப்பானில் உற்பத்தி 2012-இல் முடிந்தது.

2023-இல் எம்எக்ஸ்-30 காரில் மின்சாரம் உற்பத்தி செய்ய மட்டும் 830 சிசி ஒற்றை ரோட்டர் ஒன்றை மாஸ்டா திரும்பக் கொண்டுவந்தது. முனை சீலின் தடிமன் 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 ஆகியிருக்கிறது. ஆர்எக்ஸ்-8 உரிமையாளர்கள் கொடுத்த விலைக்கு வந்த பாடம் அந்த அரை மில்லிமீட்டர்.

எதை எடுப்பது? பணம் இருந்தால் இரண்டாம் வரிசை, மேனுவல் கியர். இல்லையென்றால் முதல் வரிசையில் 231 குதிரைத்திறன் மேனுவல், ஆறு எண்களும் 750-க்கு மேல், காயில் மாற்றிய ரசீதோடு. 192 வகையும் மோசமில்லை, ஆனால் இந்தக் காரை வாங்குவதே அந்தக் கடைசி 1,500 சுற்றுக்காகத்தான். ஆட்டோமேட்டிக் வேண்டவே வேண்டாம்.