காய்ச்சலில் சர்க்கரை மருந்து: நிறுத்துவதா, தொடர்வதா?

வைரஸ் காய்ச்சல் வந்து, வாய் கசந்து, சாப்பாடு இறங்காமல் படுத்திருக்கும் சர்க்கரை நோயாளி கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "சாப்பிடவே இல்லையே, மருந்து எதற்கு?" நியாயமான கேள்விதான். ஆனால் உடம்பின் கணக்கு வேறு. கிருமியோடு மல்லுக்கட்டும் உடல் கார்ட்டிசால், அட்ரினலின், குளுக்ககான் ஆகிய ஹார்மோன்களை வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கிறது. கல்லீரல் தன் இருப்பில் உள்ள சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுகிறது. இன்சுலினின் வேலையும் மந்தப்படுகிறது. ஒரு கவளம் உள்ளே போகாமலேயே சர்க்கரை ஏறுவது இதனால்தான்.

"காய்ச்சலா, எல்லாவற்றையும் நிறுத்து" என்பவர்களும் "எதையும் நிறுத்தாதே" என்பவர்களும் பாதி மட்டுமே சரி. நிறுத்துவதா தொடர்வதா என்பது மருந்தின் பெயரைப் பொறுத்தது.

இன்சுலினில் சமரசமே இல்லை. முதல் வகை (டைப் 1) நீரிழிவு உள்ளவர்கள் நீண்டநேர இன்சுலினை ஒரு வேளைகூட விடக்கூடாது. விட்டால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும்; கீட்டோன் அமிலங்கள் சேர்ந்து சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறலாம். பல நேரங்களில் அளவைக் கூட்ட வேண்டியே வரும். சாப்பாட்டுக்கு முன் போடும் குறுகியநேர இன்சுலின் மட்டும், என்ன உள்ளே போகிறது, சர்க்கரை மீட்டர் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்து மாறும்.

மாத்திரைகளில் கதை தலைகீழ். வெறும் சளி, வழக்கம்போலச் சாப்பிட முடிகிறது என்றால் பொதுவாக எதையும் மாற்ற வேண்டியதில்லை. வாந்தியோ பேதியோ வந்து உடலில் நீர் வற்றும்போதுதான் சிக்கல். அப்போது சிறுநீரகம் சுணங்கினால் மெட்ஃபார்மின் உடலில் தேங்கி, லாக்டிக் அமிலம் கூடும் அபாயம் உண்டு. இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் கிளிமிபிரைடு போன்றவை, சாப்பாடு இல்லாத வயிற்றில், சர்க்கரையை 70-க்குக் கீழே தள்ளிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையில் மறைமுக ஆபத்து ஒன்று இருக்கிறது. அவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால், மீட்டரில் 200-க்குள் எண் இருக்கும்போதே இரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015-இலேயே இதை எச்சரித்தது. நீர் வற்றும் நாட்களில் இத்தகைய மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது மருத்துவ வழக்கம். உங்களுடையதில் எது நிற்கும், எது தொடரும் என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. 102 டிகிரி காய்ச்சலில் அந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது.

கீட்டோனைப் பார்க்கச் சிறுநீரில் நனைக்கும் சோதனைப் பட்டை, இரத்தக் கீட்டோன் மீட்டர் என்று இரண்டு வழிகள். பட்டை மலிவு, எளிது. ஆனால் அது காட்டுவது பழைய செய்தி. சில மணி நேரமாகப் பையில் தேங்கிய சிறுநீரைத்தான் அது படிக்கிறது. அமிலத்தன்மை கூடும்போது அதிகம் சேரும் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற கீட்டோனை அது அளப்பதும் இல்லை. இரத்த மீட்டர் இந்த நிமிடத்தைச் சொல்லும்: 0.6 மில்லிமோலுக்குக் கீழே கவலையில்லை; 1.5-ஐத் தாண்டினால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். 3-ஐத் தொட்டால் மருத்துவமனைதான். முதல் வகைக்காரர்கள் வீட்டில் இரத்தக் கீட்டோன் மீட்டரே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இல்லாத இடத்தில் பட்டையாவது இருக்கட்டும்.

சர்க்கரையைப் பார்க்க விரல் குத்தலா, தோலில் ஒட்டும் சென்சாரா? காய்ச்சல் நாளில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டியிருப்பதால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் சென்சார் பெரிய நிம்மதி. ஆனால் அது சில நிமிடங்கள் பின்தங்கியே ஓடும். சில சென்சார்களைப் பாராசிட்டமாலும், வேறு சிலவற்றை அதிக அளவு வைட்டமின் சி-யும் ஏமாற்றும். விரல் குத்தலுக்கும் அதற்கே உரிய ஏமாற்று உண்டு. ஒருமுறை ஆரஞ்சு உரித்த கையோடு குத்தி, 312 என்ற எண்ணைப் பார்த்து இன்சுலின் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். என்னவோ தோன்றிக் கையைக் கழுவித் துடைத்து மறுபடி குத்தினால் 148. விரலில் ஒட்டியிருந்த சாறு செய்த வேலை. இன்றும் சென்சார் சொல்வதும் உடம்பு சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால், கழுவிய விரல் சொல்வதைத்தான் நம்புகிறேன்.

குடிப்பதில் குழப்பம் குறைவு. மீட்டர் ஏறுமுகமென்றால் சர்க்கரை சேராத நீர். இறங்குமுகமாக இருந்து சாப்பாடும் இறங்கவில்லையென்றால் பழச்சாறு, சிறுகச் சிறுக. காய்ச்சலுக்கு ஐபுபுரூஃபனைவிடப் பாராசிட்டமாலே மேல். நீர் வற்றிய சிறுநீரகத்துக்கு முன்னது பாரம். இருமல் மருந்தில் உள்ள இனிப்புக்காக ஏனோ பலரும் பதறுகிறார்கள். ஒரு தேக்கரண்டியில் இருப்பது சில கிராம்தான்.

வீட்டில் சமாளிப்பதா, மருத்துவமனையா? திரும்பத் திரும்ப வாந்தி, குடித்த தண்ணீரும் தங்காத நிலை, ஆழமாக வேகமாக இழுக்கும் மூச்சு, மூச்சில் பழவாடை, குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவு இரண்டு மணியானாலும் கிளம்பிவிட வேண்டும். மருந்துப் பையையும் மீட்டரையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன மருந்து, கடைசியாக எப்போது என்று அங்கே உடனே கேட்பார்கள்.