எஸ்டேட் சேலில் வாங்கிய பழைய தச்சுக் கருவிகள்: சில வருடங்கள் புழங்கிய பிறகு

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் குடியிருப்பது பழைய கருவி தேடுகிறவர்களுக்குப் பெரிய வசதி. ஸ்டான்லி இழைப்புளிகள் இங்குள்ள நியூ பிரிட்டனில்தான் தயாராகின. ‘ஹார்டுவேர் சிட்டி’ என்பது அந்த ஊரின் பட்டப்பெயர். இந்தப் பக்கம் எஸ்டேட் சேல் நடக்கும் வீடுகளில் பேஸ்மென்ட்டுக்கு இறங்கினால் பெரும்பாலும் ஒரு ஸ்டான்லியாவது கண்ணில் படும்.

வீட்டுக்காரர் இறந்த பிறகோ, சின்ன வீட்டுக்கு மாறும்போதோ, உள்ளே இருக்கும் எல்லாப் பொருட்களையும் அங்கேயே விலை ஒட்டி விற்பதுதான் எஸ்டேட் சேல். விற்பனையை நடத்துபவர்கள் இணையத்தில் படங்கள் போடுவார்கள். சோபா, பீங்கான், நகை இவைதான் அதில் முன்னால் நிற்கும். நான் படத்தின் ஓரங்களைப் பார்ப்பேன். சுவரில் ரம்பம் தொங்குகிறதா, மேசையில் வைஸ் பூட்டியிருக்கிறதா? இருந்தால் முதல் நாள் காலையிலேயே வரிசையில் நிற்பேன். கடைசி நாளில் பல இடங்களில் பாதி விலைக்குத் தருவார்கள், ஆனால் நல்ல கருவி அதுவரை இருக்காது.

முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால், ஸ்டான்லி 5-ஆம் எண் இழைப்புளி என்றுதான் சொல்வேன். 14 அங்குல நீளம், 2 அங்குல அகலத் தகடு. என்னுடையதில் தகட்டைத் தாங்கும் பாகத்துக்குப் பின்னால் மூன்று காப்புரிமைத் தேதிகள் வார்க்கப்பட்டிருக்கின்றன. கடைசித் தேதி 1910 ஏப்ரல் 19. இந்த மூன்று தேதி வார்ப்பு 1910க்கும் 1918க்கும் இடைப்பட்டது. பிடி ரோஸ்வுட், நம்மூர் ஈட்டி மரத்தின் உறவு. இத்தனை காலத்துக்குப் பிறகும் கைக்கு வழுவழுப்பாக இருக்கிறது.

வாங்கும்போது துருவைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை. மேலோட்டமான செந்துரு வினிகரில் ஓர் இரவு ஊறினால் போய்விடும். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவ வேண்டும். தகட்டைக் கழற்றி அதன் தட்டையான பின்பக்கத்தைப் பார்ப்பதுதான் முக்கியம். கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. முனையருகே பின்பக்கத்தில் துரு குழி பறித்திருந்தால் எவ்வளவு தீட்டினாலும் அந்த இடத்தில் கூர் வராது. அப்புறம் அடிப்பாகத்தில் தகடு வெளியே நீட்டும் வாயோரம் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், வார்ப்பிரும்பு கீழே விழுந்தால் அங்கேதான் விடும். திருகு ஏதாவது குறைந்தால் எடுக்காதீர்கள். பழைய ஸ்டான்லியின் பல திருகுகளில் இருக்கும் மரை இன்றைய ஹார்டுவேர் கடையில் கிடைப்பதில்லை. இன்னொரு பழைய இழைப்புளியிலிருந்துதான் கழற்ற வேண்டியிருக்கும்.

பயன்பாட்டில் எப்படி? பைன், வால்நட் இரண்டிலும் அருமை. சுருள் மெல்லிசாக, அறுபடாமல் வரும். முறுக்கு நாரோடு வரும் மேப்பிளில் முதலில் மரம் பிய்ந்தது. வெட்டும் தகட்டின் மேல் பூட்டியிருக்கும் மேல்தகட்டைக் கூரிலிருந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு நகர்த்தினேன், பிய்ப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆழம் திருத்தும் பித்தளைச் சக்கரம் கொஞ்சம் வெறுமனே சுற்றிய பிறகுதான் பிடிக்கிறது. பழைய இழைப்புளிகளில் இது சகஜம், வேலையைக் கெடுப்பதில்லை. நாற்பது டாலருக்கு வாங்கியது இது. புதிதாக இந்தத் தரத்தில் ஒன்று வாங்கப் பல மடங்கு ஆகும்.

மில்லர்ஸ் ஃபால்ஸ் நிறுவனத்தின் கைத்துரப்பணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பல்சக்கரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன், அன்றிலிருந்து ஓடுகிறது. சிறு ஆணித்துளைகளுக்கு மின்துரப்பணத்தை எடுப்பதே இல்லை. உளிகள் பெரும்பாலும் ஒரு பெட்டியோடு மொத்தமாகக் கிடைக்கும். பக் பிரதர்ஸ் என்ற தயாரிப்பாளரின் பெயர் பொறித்தது கிடைத்தால் பிரித்துக் கேளுங்கள், தருவார்கள்.

கைரம்பத்தில்தான் நிதானம் வேண்டும். பிலடெல்பியாவின் டிஸ்டன் ரம்பங்கள் நிறையவே வருகின்றன. கைப்பிடிப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பல் வரிசையோடு பாருங்கள். லேசான வளைவைச் சரி செய்யலாம். மடிந்த தழும்பு இருந்தால் அறுப்பு நேராகப் போகாது. தகட்டின் அடிமூலையில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல்முனை என்ற எண் குத்தியிருக்கும்: 5, 6 என்றால் நார் வாக்கில் அறுக்க, 8, 10 என்றால் குறுக்கே. ஆனால் பழைய சொந்தக்காரர் அரம் போட்டு மாற்றியிருக்கலாம் என்பதால் எண்ணை மட்டும் நம்பாமல் பற்களையும் எண்ணிப் பாருங்கள். எப்படியும் பல் தீட்டாமல் அது வேலைக்கு ஆகாது. அரம் பிடிக்கப் பொறுமை இருந்தால் டிஸ்டன் வாங்குங்கள். இல்லையென்றால் ரம்பத்தை மட்டும் புதிதாக வாங்கிவிட்டு, அந்தக் காசில் மிஞ்சியதை இழைப்புளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.