கவுட் இருந்தால் நெத்திலியா, துவரம்பருப்பா?

கவுட் (யூரிக் அமிலம் மூட்டுகளில் படிந்து வலியும் வீக்கமும் தரும் நோய்) வந்ததும் பலர் முதலில் நிறுத்துவது சாம்பாரை. நெத்திலிக் குழம்பு மட்டும் 'சின்ன மீன்தானே' என்று தப்பித்துவிடும். நியாயப்படி தலைகீழாக இருக்க வேண்டும்.

நெத்திலி 100 கிராமில் பியூரின் என்ற பொருள் 200 மி.கி.க்கு மேல், அது உடைந்துதான் யூரிக் அமிலமாகிறது. கருவாட்டில் ஈரம் போய்விடுவதால் அளவு இன்னும் ஏறும். கொதிக்கும்போது பியூரின் நீரில் இறங்குவதால், மீனை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வதில் பயனில்லை. மத்தி, ஈரலுக்கும் இதே கணக்கு.

பருப்பிலும் பியூரின் உண்டு. ஆனால் பருப்பு, கீரை, காளான் சாப்பிடுவோருக்குக் கவுட் கூடுவதாக நீண்டகால ஆய்வுகளில் தெரியவில்லை. வேளைக்கு ஒரு கிண்ணம் சாம்பார் தாராளமாகச் சாப்பிடலாம். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆகவே பருப்புதான். பீரும் பாட்டில் குளிர்பானமும் தொடர்ந்தால் அதுவும் வீண். உணவுக் கட்டுப்பாட்டால் யூரிக் அமிலம் பெரும்பாலும் 100 மி.லி. ரத்தத்தில் 1 மி.கி. அளவுக்கே குறையும். 9 இருப்பவர் 6-க்குக் கீழே வர அலோபியூரினால் போன்ற மாத்திரை தேவைப்படும். வலி வந்த நாளில் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.