தினமும் அணியும் தங்க இலை: சில ஆண்டுகளுக்குப் பின்

இயற்கையைப் பார்த்துச் செய்த நகை என்று சொல்லப்படும் பெரும்பாலானவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண்ணாடிப் பேழைக்குள் அழகாக இருக்கும். அணியத் தொடங்கிய சில மாதங்களில் பார்ப்பதற்கு அதில் புதிதாக ஒன்றும் இராது. என் கழுத்தில் கிடக்கும் இந்த இலைப் பதக்கம் அப்படி ஆகவில்லை. மூத்த பொற்கொல்லர் ஒருவர் 22 காரட் தகட்டில் கையால் தட்டிச் செய்தது. உறங்கும்போதும் குளிக்கும்போதும் தவிர எப்போதும் அணிந்திருக்கிறேன்.

தங்கத்தில் இலை செய்ய எளிய வழி ஒன்று இருக்கிறது. உண்மையான இலையின் மேல் மெழுகு பூசி, அச்சுக் கலவைக்குள் புதைத்து, சூளையில் சுட்டால் இலை எரிந்து அதன் வடிவில் வெற்றிடம் மிஞ்சும். அதில் பொன்னை உருக்கி ஊற்றினால் நரம்புகள் எல்லாம் அப்படியே பதிந்து வரும். இவருக்கும் அந்த வேலை தெரியும். ஆனால் இலையை அவர் முதலில் வரைகிறார், அது வாடும் வரை திரும்பத் திரும்ப. பிறகு தகட்டை அரக்கில் பதித்து, பின்புறமிருந்து தட்டி மேடாக்கி, திருப்பி வைத்து முன்புறம் நரம்புகளைச் செதுக்கு உளியால் எழுப்புகிறார். தட்டத் தட்டப் பொன் இறுகும். மேலும் தட்டினால் விரிசல் விடும். அதனால் இடையிடையே நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். எந்த நரம்பை உயர்த்துவது, எதைப் பாதியில் கரையவிடுவது என்று ஒவ்வோர் அடியிலும் முடிவெடுக்கிறார். அச்சு எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுகிறது. இவர் தமக்குப் புலப்பட்டதை மட்டும் வைத்தார். என் இலையின் ஓர் ஓரத்தில் புழு அரித்த பள்ளம்கூட இருக்கிறது; அதைச் சரிசெய்ய அவருக்கு மனம் வரவில்லை.

நுனியில் கடுகினும் சிறிய பொன்மணி ஒன்று பனித்துளியாக நிற்கிறது. என்னை மிகவும் ஈர்த்த இடம் அதுதான். கரித்துண்டின் மேல் தங்கத் துணுக்கை வைத்து ஊதினால், உருகும் கணத்தில் அது தானே திரண்டு உருண்டையாகிவிடும். பரப்பு இழுவிசையின் வேலை அது. இலை நுனியில் நீரைத் துளியாகத் திரட்டுவதும் அதே விசைதான். மணியைத் தாம் செய்ததாக அவர் ஒருபோதும் சொல்வதில்லை. அது வரும்போது அருகில் இருந்ததாகச் சொல்கிறார். ஊதி முடித்ததும் சற்று நேரம் பேசமாட்டார். அவருடைய பக்தி இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இலையில் தெய்வ உருவமோ மந்திர எழுத்தோ எதுவும் இல்லை.

பூச்சியையும் செடியையும் நகையாக்கியவர்களில் பிரெஞ்சுக் கலைஞர் ரெனே லாலிக் பெரியவர். 1897-98 வாக்கில் அவர் செய்த தும்பிப் பெண் மார்பணி லிஸ்பனில் குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அது கால் மீட்டருக்கும் அகலமானது, வியந்து பார்ப்பதற்கானது. தினமும் அணியும் நகைக்கு வேறு சோதனை.

அந்தச் சோதனையில் இலை தேறியிருக்கிறது. தகடு மெல்லியதுதான், ஆனாலும் தட்டி இறுகிய பொன் என்பதால் வளையவில்லை. வாங்கியபோது முழுவதும் மங்கலான மெருகு. நாளடைவில் துணியும் தோலும் உரச உரச உயர்ந்த நரம்புகள் மட்டும் பளிச்சென்று ஆகிவிட்டன. பள்ளங்கள் மங்கலாகவே இருக்கின்றன. முதல் நாளில் தெரியாத கிளை நரம்புகள் இப்போது தெரிகின்றன. இப்படித் தேயும் என்பதை எண்ணித்தான் அவர் செதுக்கினாரா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, பின்புறத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். இலையின் அடிப்பக்கத்தில் நரம்புகள் எப்படிப் புடைத்திருக்குமோ அப்படியே அங்கும் செதுக்கியிருக்கிறார். நெஞ்சோடு ஒட்டிக் கிடக்கும் அந்தப் பக்கத்தை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

பராமரிப்பு எளிது. பள்ளங்களில் எண்ணெய்ப் பிசுக்கு சேரும். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, மெல்லிய தூரிகை போதும். நீச்சல் குளத்துக்கு அணிந்து போகாதீர்கள். 22 காரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்குதான் பொன். கலந்திருக்கும் செம்பையும் வெள்ளியையும் குளோரின் தாக்கும்.

குறைகளும் உண்டு. காம்பின் முனை நூல் துணிகளில் மாட்டுகிறது. புழு அரித்த பக்கம் எடை குறைவு என்பதால் பதக்கம் சற்றுச் சாய்ந்தே தொங்கும். இதே வடிவில் காதணி கேட்டபோது, இரண்டும் ஒன்றுபோல் இராது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார், அப்படித்தான் வந்தது. எனக்கு அது பிடித்திருக்கிறது. அச்சுப் பிசகாத ஜோடி வேண்டுவோர் வார்ப்பு நகையை நாடுவதே நல்லது.

உண்மையான பலவீனம் சங்கிலி கோக்கும் வளையம். அங்கேதான் ஓயாமல் உரசல். என்னுடையது பாதிக்கு மேல் தேய்ந்து, புதிதாகப் பற்றவைக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நகையைச் செய்யச் சொல்பவர்கள் இலை எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் வளையத்தை மட்டும் தடித்த கம்பியில் கேளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துவிடுங்கள்.