அடி வாங்கியவர்கள் யார்? கணிகையர் தொடர்பைத் தடுக்கச் சீனப் பேரரசர்கள் கண்ட வழிகள்

அதிகாரிகள் கணிகையர் வீட்டுக்குப் போவதைத் தடுக்கச் சீன அரசுகள் பல நூற்றாண்டுகள் முயன்றன. அவை கையாண்ட வழிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது, தண்டனை யார் முதுகில் விழுந்தது என்பதைத்தான்.

சோங் அரசு கணிகையரை அரசுப் பதிவேட்டிலேயே வைத்திருந்தது. விருந்தில் அவர்கள் பாடலாம், மது ஊற்றலாம்; அதிகாரி அவர்களோடு படுக்கையைப் பகிரக் கூடாது. விருந்துக்கு அழைத்துவிட்டு இப்படியொரு கோடு கிழித்தால் அது எத்தனை நாள் நிற்கும்? 1182-ல் தத்துவ அறிஞர் சூ சி, தைசோ ஆட்சியர் தாங் சோங்யோ மீது அடுக்கடுக்காகக் குற்றச்சாட்டு மனுக்களை அனுப்பினார். அவற்றில் யான் ரூய் என்ற கணிகையின் பெயரும் இருந்தது. ஆட்சியருக்குக் கிடைக்கவிருந்த பதவி உயர்வு போயிற்று. யான் ரூய்க்குச் சிறையும் அடியும் கிடைத்தன. எவ்வளவு அடித்தும் அவர் ஆட்சியரைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று பிற்காலத்தார் கதை சொன்னார்கள். கதையை விட்டுவிட்டாலும், அந்த வழக்கின் அநீதி அப்படியே நிற்கிறது.

மிங் வம்சத்தை நிறுவிய ஹோங்வு பேரரசர் கடுமைக்குப் பெயர் பெற்றவர். கணிகையர் வீட்டில் தங்கும் அதிகாரிக்குப் பெருந்தடியால் 60 அடி என்று அவருடைய சட்டம் விதித்தது. தரகருக்கு ஒரு படி குறைந்த தண்டனை. அதிகாரிகளின் மகன், பேரன்களையும் அது விடவில்லை. ஆனால் அதே பேரரசர்தான் தலைநகர் நான்ஜிங்கில் அரசே நடத்திய கணிகையர் விடுதிகளைக் கட்டினார்! வணிகர் வரலாம், அதிகாரி வரக் கூடாது. தண்டனை அதிகாரி மேல் விழுந்த அளவில் இது சோங் முறையைவிட நேர்மையானது. அந்தப் பெண்களின் நிலையோ அணுவளவும் மாறவில்லை.

அதே மிங் வம்சத்தில் பின்னால் வந்த சுவான்தே பேரரசர் விருந்திலேயே கை வைத்தார். ஊழலில் சிக்கிய லியூ குவானை நீக்கி, 1428-ல் கு சுவோவைத் தலைமைக் கண்காணிப்பு அதிகாரியாக்கினார். அடுத்த ஆண்டே அதிகாரிகளின் விருந்துகளில் கணிகையருக்குத் தடை வந்தது. விளைவு? பெண்கள் இருந்த இடத்தில் பாடும் சிறுவர்களை உட்கார வைத்தார்கள். இதுவரை பார்த்த மூன்றில் இதையே மிக மோசமான வழி என்பேன். விருந்தின் பழக்கத்தை விட்டுவிட்டு ஆளை மட்டும் மாற்றிய சட்டம் அது.

சிங் வம்சத்து யோங்செங் வேறு முனையிலிருந்து தொடங்கினார். 60 அடிச் சட்டம் தொடர்ந்தது. அதோடு, 1723-ல் சான்சி, சென்சி மாகாணங்களில் பரம்பரையாகப் பாட்டிலும் கணிகைத் தொழிலிலும் கட்டுண்டிருந்த ‘இசைக் குடிகளை’ இழிநிலைப் பதிவேட்டிலிருந்து விடுவித்தார். 1402-ல் அரியணையைப் பறித்த யோங்லேயை எதிர்த்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள் என்பார்கள். மூதாதையரின் அரசியலுக்காகப் பேத்திகள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலில் கட்டிப்போடப்பட்டிருந்தார்கள். அதிகாரியின் ஒழுக்கத்தோடு நிற்காமல் பெண்ணின் பிறப்புரிமையையும் தொட்ட ஆணை இது ஒன்றுதான். என் தேர்வும் இதுவே.

குறை இல்லாமல் இல்லை. பிழைக்க வேறு வழி காட்டாமல், முன்பு அரசு அனுமதித்த தொழிலையே அது குற்றமாக்கியது. 1771-ல் வந்த விதியோ, விடுதலை பெற்ற குடும்பம் நான்கு தலைமுறை ‘தூய்மையாக’ வாழ்ந்து காட்டினால்தான் அதன் பிள்ளைகள் அரசுத் தேர்வு எழுதலாம் என்றது.